மீட்பு: செய்தித் தலைப்பில் படும் பாடு

திருகோணமலை திருஞானசம்பந்தர் வீதியில் ஒரு தேநீர்க்கடையில் நாளிதழை விரித்திருந்த முதியவர் ஒருவர், ‘கடற்கரையில் கேரள கஞ்சா மீட்பு’ என்ற தலைப்பைச் சத்தமாக வாசித்துவிட்டு, “ஆரிட்ட இருந்து தம்பி மீட்டவங்கள்? ஈடு வைச்சிருந்தவங்களோ?” என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவருடைய கேள்வி இலக்கணப்படி முற்றிலும் சரியானது.

மீள் என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் மீட்பு. ‘நோயிலிருந்து மீண்டாள்’ என்பது தன்வினை. ‘நகையை மீட்டாள்’ என்பது பிறவினை. ஆள் என்பதிலிருந்து ஆட்சி வந்ததுபோல மீள் என்பதிலிருந்து மீட்சி வந்தது; அது தானே திரும்புவதைக் குறிக்க, மீட்பு ஒருவர் முயன்று திரும்பக் கொண்டுவருவதைக் குறிக்கிறது. நாம் நாளும் சொல்லும் ‘மீண்டும்’ என்பதிலும், போருக்குப் பின் நம் காதுகளுக்குப் பழகிப்போன ‘மீள்குடியேற்றம்’ என்பதிலும், பரீட்சைக்கு முன் எங்கள் பிள்ளைகள் செய்யும் பாட மீட்டலிலும் திரும்பி வருதல் என்ற அந்தப் பொருள்தான் நிற்கிறது. வீணையை மீட்டுவது வேறு வினை. ‘வீணையை மீட்டினாள்’ என்றும் ‘நகையை மீட்டாள்’ என்றும் இறந்தகாலத்தில் இரண்டும் பிரிந்துவிடுவதைக் காணலாம்.

ஆகவே மீட்பு என்றால், போன பொருளுக்கு முன்பு ஓர் உரியவர் இருந்திருக்க வேண்டும், அல்லது அது திரும்பிச் சேர ஒரு பழைய நிலை இருக்க வேண்டும். பழந்தமிழ்ப் புறத்திணை மரபு இதைத் தெளிவாகவே பிரித்துவைத்தது. பகைவருடைய ஆநிரையைக் கவர்ந்துவருவது வெட்சி. பறிகொடுத்தவர்கள் துரத்திச் சென்று அதைத் திரும்பக் கொண்டுவருவது கரந்தை. ‘வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்’ என்று பழைய வெண்பா இரண்டையும் ஒரே அடியில் எதிரெதிரே நிறுத்துகிறது. கவர்ந்தவன் தன் செயலை மீட்டல் என்று சொல்லிக்கொள்ள அங்கே இடமில்லை.

இன்றைய செய்தி எழுத்தில் அந்த வேலி சரிந்துவிட்டது. கவிழ்ந்த படகிலிருந்து மீனவர் மீட்பு, திருட்டுப்போன மோட்டார் சைக்கிள் மீட்பு ஆகியவற்றில் குறையில்லை. கஞ்சா மீட்பும் வெடிபொருள் மீட்பும் அப்படியல்ல. அவை பொலிஸாரிடமிருந்து களவுபோனவை அல்லவே. ஆங்கிலத்தில் ‘ரிக்கவர்’ என்னும் ஒரே வினை நலமடைவதற்கும், இழந்ததைப் பெறுவதற்கும், ஒளித்துவைத்ததை எடுப்பதற்கும் பொதுவாக நிற்பதால், அவசரமாக மொழிபெயர்க்கும் கை எல்லாவற்றுக்கும் மீட்பு என்றே எழுதிவிடுகிறது. தலைப்புக்கு மூன்றெழுத்தில் அடங்குவது இன்னொரு வசதி. ஆனால் கஞ்சா ‘சிக்கியது’ என்று எழுதினால் அதைவிட இடம் பெரிதாகக் கூடிவிடப் போவதில்லை. செய்தியின் உள்ளே ‘கைப்பற்றப்பட்டது’ என்றால் பொருளும் நேராக வந்துவிடும்.

மண்ணுக்குள் கிடந்தது வெளிப்பட்டால் அது கண்டெடுப்பு. 1950 இல் எங்கள் நகரில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. மண்வெட்டியில் தட்டுப்பட்ட அந்த நாளில் அவை கண்டெடுக்கப்பட்டவை. போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் வழிபாட்டுக்கு அவை திரும்பிய பின்னரே மீட்கப்பட்டவை என்ற சொல் அவற்றுக்குப் பொருந்தியது.

காணிச் செய்திகளில் சொல்லைத் தெரிந்தெடுப்பதே பக்கத்தைத் தெரிந்தெடுப்பதாகிவிடுகிறது. 2006 இல் போரால் எங்கள் மாவட்டத்துச் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அவர்களிடம் திரும்பியதை ‘காணி விடுவிப்பு’ என்றால் எழுவாய் அரசு. ‘காணி மீட்பு’ என்றால் எழுவாய் மக்கள். இரண்டுமே நல்ல தமிழ்தான். எழுதுபவர் தாம் எதைச் சொல்கிறோம் என்று அறிந்து சொன்னால் போதும்.

‘சடலம் மீட்பு’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். உயிரைக் காப்பாற்ற முடியாத இடத்தில் மீட்பு என்பது முரண் என்றும், ‘கண்டெடுக்கப்பட்டது’ அல்லது ‘கரையொதுங்கியது’ என்று எழுதவேண்டும் என்றும் நெடுநாள் வாதிட்டிருக்கிறேன். வீட்டிலோ காட்டிலோ கிடந்த உடலுக்கு இப்போதும் அப்படியே சொல்வேன். ஆனால் கடலுக்குப் போனவனைத் தேடி மூன்று நாளாகக் கரையில் நிற்கும் குடும்பத்துக்கு, சுழியோடிகள் உடலையாவது கொண்டுவந்து சேர்ப்பது, கடல் எடுத்துக்கொண்டதைத் திரும்பப் பெறுவதாகவே இருக்கிறது. அந்த ஒரு தலைப்பில் மட்டும் மீட்பு என்ற சொல்லை நான் வெட்டுவதில்லை.