தோள் எவ்வளவு சுழலும்? அது அளப்பவரின் பிடியைப் பொறுத்தது

வேகப்பந்து வீசும் தன் மகனைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பந்து வீசும் தோளின் உட்சுழற்சி ஜூனில் 52 டிகிரி, ஆகஸ்டில் 46. தோள் இறுகுகிறதா, பந்துவீச்சை நிறுத்திவிடலாமா என்கிறார். இந்த 6 டிகிரியை மட்டும் நம்பி எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டு தடவையும் அளந்தது ஒரே ஆளா, அவர் கை எங்கே இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

அளக்கும் முறை எளிது. மல்லாந்து படுத்து, கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டாக நீட்டி, முழங்கையை 90 டிகிரி மடக்கினால் விரல்கள் கூரையைப் பார்க்கும். முன்கை தலைப்பக்கம் சாய்ந்தால் வெளிச்சுழற்சி, கால்பக்கம் சாய்ந்தால் உட்சுழற்சி. சாய்ந்த கோணத்தைக் கோணமானியில் படிக்க வேண்டியதுதான்.

வேடிக்கை உட்சுழற்சியில் இருக்கிறது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தும் குழி, முதுகுப்பக்கம் உள்ள தோள்பட்டை எலும்பில் இருக்கிறது. அந்த எலும்போ விலா எலும்புகள்மேல் தசைகளின் பிடியில் வழுக்கிக்கொண்டிருப்பது. அதை உடற்கூட்டோடு பிணைக்கும் எலும்பு காறை எலும்பு ஒன்றுதான். முன்கை சாயச் சாய மூட்டின் பின்புறத் தசைகளும் உறையும் இழுபடும். இதற்குமேல் நீள முடியாது என்ற நிலை வந்த பிறகும் முன்கை நிற்பதில்லை. தோள்பட்டை எலும்பே முன்னால் கவிழ்ந்து இடம் கொடுக்கிறது. உருண்டை சுழல்வது நின்று, குழியும் சேர்ந்து நகர்கிறது. கோணமானிக்கு இது தெரியுமா? எல்லாவற்றையும் சுழற்சிக் கணக்கில் சேர்த்துவிடும்.

படுத்துக்கொண்டு மற்ற கையைத் தோளின் முன்பக்கம் வைத்து, முன்கையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் உள்ளங்கைக்கு அடியில் ஒன்றும் அசையாது. அப்புறம் தோள் எழும்பி உங்கள் கையைத் தள்ளும். அந்த இடத்தில் படிப்பதுதான் மூட்டின் கோணம். காறை எலும்புக்குக் கீழே துருத்தும் சிறு முனையில் கட்டைவிரலையும், பின்னால் தோள்பட்டை எலும்பின் மேட்டில் மற்ற விரல்களையும் வைத்து பிசியோ அழுத்திப் பிடிப்பது இதற்காகத்தான். பிடிக்காமல் அளந்தால் கோணம் கூடும். ஜூனில் பிடிக்காமல் ஆகஸ்டில் பிடித்திருந்தால், குறைந்த 6 டிகிரிக்குப் பையனின் தோள் பொறுப்பல்ல.

சரி, ஒரே ஆள், ஒரே பிடி என்றாலும் பிழை உண்டு. அளவீட்டின் திட்டப் பிழை, அதாவது மாறாத தோளையே திரும்பத் திரும்ப அளந்தாலும் எண்கள் சிதறும் அளவு, 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அளவிலுமே பிழை இருப்பதால் அதை √2-ஆலும், 95% உறுதிக்காக 1.96-ஆலும் பெருக்க வேண்டும். 8 டிகிரிக்கு மேல் மாறினால்தான் மாற்றம் என்றே பேசலாம்.

உட்சுழற்சி குறைவாக இருப்பதற்கு இறுக்கம்தான் காரணம் என்றும் இல்லை, எலும்பின் வடிவமும் காரணமாகலாம். பிறக்கும்போது மேற்கை எலும்பில் பின்னோக்கிய முறுக்கு அதிகம். வளர வளரக் குறையும். சிறுவயதிலிருந்தே நிறைய எறிபவர்களின் எறியும் கையில் அது அவ்வளவு குறைவதில்லை. உட்சுழற்சி குறைந்து வெளிச்சுழற்சி கூடிவிடும். அமெரிக்க பேஸ்பால் வீச்சாளர்களிடம் இது சர்வசாதாரணம். ஆகவே இரண்டு சுழற்சியையும் கூட்டி, மற்ற கையின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டும்.

வலிமையை அளப்பதில் கூத்து வேறு. பிசியோ விசைமானியை மணிக்கட்டருகே பிடிக்க, வீரர் தள்ளுவார். வீரர் பலசாலியாக இருந்தால் கருவி காட்டுவது பிசியோவின் பலத்தை. கருவியை பெல்ட்டால் அசையாமல் கட்டிவிட்டால் இது தீரும். முழங்கையிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் வைத்ததை அடுத்த முறை 23-இல் வைத்தால், அதே பலத்துக்கு எண் கிட்டத்தட்ட 9% ஏறும். பேனாவால் ஒரு கோடு போட்டு, தூரத்தைக் குறித்துவைத்தால் போதும்.

லட்சக்கணக்கில் கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது. அதே வீரர்களை ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து, கருவியும் கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஆய்வுக்குப் பணம் கேட்டால், ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.