டிராப்லைன் – பொறித்தடம்

கனடாவின் வடகாட்டுச் செய்திகளில் ‘டிராப்லைன்’ என்ற சொல் அடிக்கடி வரும். டிராப் என்றால் பொறி, லைன் என்றால் கோடு, ஆகவே ‘பொறிக்கோடு’ என்று எழுதிவிடத் தோன்றும். இந்த லைன் வேறு. கடை கடையாகச் சரக்குப் போடுகிறவர் ‘லைனுக்குப் போறேன்’ என்பாரே, அந்த லைன். பனியில் புதையாத மட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, வைத்த பொறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுற்றிவரும் வழி அது.

சரி, பொறிக்கு வருவோம். கனடாவின் பழங்குடிகளான கிரீ, இன்னு மக்கள் முன்பு தோல்வாரில் சுருக்கிட்ட கண்ணி வைத்தார்கள். மரக்கட்டை விழுந்து நசுக்கும் அடாரும் வைத்தார்கள். (அடார் சங்கப் பாட்டுச் சொல். அங்கே விழுவது பாறை, அவ்வளவுதான் வித்தியாசம்.) 1670இல் விலங்குத் தோல் வாங்கி விற்கும் ஹட்சன்ஸ் பே கம்பெனி தொடங்கியது. ஐரோப்பியத் தொப்பிகளுக்கு பீவர் மயிர் வேண்டியிருந்தது. (பீவர், ஓடைகளில் மரக்குச்சிகளால் வளை கட்டி வாழும் கொறிவிலங்கு.) உறைந்த பீவர் வளையை உடைக்க இரும்பு உளி வந்தது. 1790களில் இரும்புப் பொறியும், பீவரின் சுரப்பியிலிருந்தே எடுத்த வாசனைப் பொருளும் சேர்ந்து மேற்கே பரவின. வாசனைக்கு வந்த பீவர் தண்ணீருக்குள் கால் மாட்டி மூழ்கியது. பல இடங்களில் பீவரே அருகிப்போனது.

கரிபூ மான் கூட்டமாக அலையும்; அதைப் பலர் சேர்ந்து வேட்டையாட வேண்டும். பீவரோ வளையைவிட்டு அதிகம் நகராது. இன்ன ஓடை இன்ன குடும்பத்துக்கு என்ற வழக்கம் இதனால் எளிதாக வேரூன்றியிருக்கும். இது தோல் வணிகத்துக்கும் முந்தைய வழக்கம் என்றார் மானிடவியலாளர் ஃபிராங்க் ஸ்பெக், 1915இல். வணிகம்தான் இதை உண்டாக்கியது என்று 1954இல் மறுத்தார் எலினார் லீகாக். எனக்கு லீகாக் பக்கம் சாய்வு. அவர் காட்டும் இன்னு வழக்கம் ஒன்று போதும்: பசித்தவர் அடுத்தவர் இடத்தில் பீவரைக் கொன்று தின்னலாம், தோலை மட்டும் விற்கக்கூடாது. உரிமை விற்கும் தோலில்தான், தின்னும் இறைச்சியில் இல்லை.

அப்புறம் அரசாங்கம் வந்தது. 1920களில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், பொறி வைக்கும் நிலப்பரப்புகளை ‘டிராப்லைன்’ என்ற பெயரிலேயே பதிவு செய்தது. கிழக்கே, கிரீ மக்கள் வாழும் ஜேம்ஸ் பே பகுதியில் 1930களில் பீவர் காப்பகங்கள் அமைந்தன. வளைகளை எண்ணிச் சொன்ன கிரீக்காரர் ‘டாலிமேன்’ ஆனார்; டாலி என்றால் எண்ணிக் கணக்கு வைப்பது. கிரீ மக்களும் கியூபெக் மாகாண அரசும் செய்த 2002 ஒப்பந்தப்படி அங்கே மரம் வெட்டும் திட்டம்கூட டிராப்லைன் வாரியாகத்தான்.

ஆக, தமிழில் ஒரு சொல் போதாது. நடக்கும் வழிக்குப் பொறித்தடம், பதிவான நிலப்பரப்புக்குப் பொறிப்புலம் என்று வைக்கலாம். டாலிமேனைக் ‘கணக்கர்’ ஆக்க வேண்டாம். அவருக்குக் கிரீ மொழியில் வழங்கும் பெயரில் ‘தலைவர்’ என்ற பொருள்தான் இருக்கிறது.