பொன்னுக்கு வீங்கியும் ஒருசெவிக் கேளாமையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பையனுக்கு ஆறு வயதில் இரண்டு கன்னமும் உப்பியபோது, அம்மாயி முதலில் தேடியது பக்கத்து வீட்டு அக்காவின் ரெட்டைவடச் சங்கிலியை. கொலுசுப் பட்டறைத் தெருவில் வெள்ளிக்கா பஞ்சம்? ஆனால் இந்த நோய் தங்கம்தான் கேட்கும். பெயரே பொன்னுக்கு வீங்கி.

சோற்றுக்கு வீங்கி என்று திட்டுவோமே, அதே வீங்கிதான். புடைப்பதும் வீங்குவது, ஆசைப்பட்டு அலைவதும் வீங்குவது. பொன்னுக்கு ஏங்கிப் புடைத்த கழுத்தில் பொன்னையே போட்டால் அடங்கும் என்று நம்பிக்கை. பத்து நாளில் வீக்கம் தானாக வற்றும். நல்ல பெயர் சங்கிலிக்குப் போகும். புட்டாளம்மை, தாளம்மை, கூகைக்கட்டு என்றும் சொல்வதுண்டு. ஆங்கில ‘மம்ப்ஸ்’ ஒன்றும் உசத்தியில்லை. முகத்தைக் கோணுவது, முணுமுணுப்பது என்ற பழைய பேச்சு வழக்கிலிருந்து வந்ததுதான்.

காதை நினைத்தது கிரேக்கம். வீங்குகிற உமிழ்நீர்ச் சுரப்பியின் பெயர் ‘பரோட்டிட்’. பாரா என்றால் அருகில், ஓட்டோஸ் என்றால் காதினுடைய. நம் பாடநூல்கள் ‘மேலண்ணச் சுரப்பி’ என்று எழுதிக் காதைத் தொலைத்துவிட்டன. செவியருகுச் சுரப்பி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

காது முக்கியம், ஏனென்றால் இந்த நோயைத் தரும் வைரஸ் உட்காதில் நத்தைபோல் சுருண்ட பகுதியையும் தாக்கலாம். அங்கே ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது. கன்னம் கொஞ்சமாகத்தான் வீங்கியது என்று நிம்மதியடையவும் முடியாது. வீக்கமே இல்லாதவர்களுக்கும் காது போயிருக்கிறது. நோய் வந்த 20,000 பேரில் ஒருவருக்குக் காது போகும் என்பது பழைய கணக்கு. ஜப்பானில் குழந்தைகளைக் கவனமாகப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் அது கிட்டத்தட்ட 1,000-க்கு ஒன்று. பெரும்பாலும் ஒரு காது மட்டும் என்பதால் வீட்டில் தெரிவதில்லை.

எங்களுக்கும் தெரியவில்லை. மாமா பட்டறையில் சலங்கை கோத்த கொலுசை விளையாட்டாக அவன் இடக்காதோரம் குலுக்கினார். பையன் வலப்பக்கம் திரும்பினான். இன்னொரு முறை குலுக்கினார். மறுபடியும் வலப்பக்கம்.

“காதடைப்புதான் சாமி” என்று அம்மாயி நல்லெண்ணெய் காய்ச்சப் போனார். அடைப்பு என்றால் எடுத்துவிடலாம். இதில் எடுக்க எதுவுமில்லை, எண்ணெய்க்கு வேலையுமில்லை. ‘செவிடு’ வசையாகிவிட்ட சொல். ஆகவே கேளாமை, ஒரு பக்கம் மட்டுமானால் ஒருசெவிக் கேளாமை.

தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியின் நடு ‘எம்’ புட்டாளம்மைக்கானது. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் போடும் எம்.ஆர். ஊசியில் அந்த நடு எழுத்து இல்லை. தனியாரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் போடவில்லை.

இப்போது வகுப்பில் இடது ஓரத்து பெஞ்சு அவனுடையது. வலக்காது டீச்சர் பக்கம் இருக்க வேண்டுமே.