ஜெம்பே: சொல்லும் கருவியும்

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, கினி நாடுகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் மாண்டே மொழியினரின் கைமுழவுக்கு ஜெம்பே என்று பெயர். ஒரே மரத்தைக் குடைந்து, மேலே அகன்ற கிண்ணமாகவும் கீழே ஒடுங்கிய குழலாகவும் செதுக்கி, வாய்க்கு ஆட்டுத்தோல் போர்த்தி, அடியைத் திறந்தே விடுவார்கள். கட்டையைச் செதுக்கும் உரிமை வழிவழியாக நூமு எனப்படும் கொல்லர் குடியினருக்கு உரியது. வாசிப்பதற்கோ அப்படிக் குடிவரம்பு இல்லை.

தமிழில் பலர் 'டிஜெம்பே' என்று எழுதுவது பிழை. பிரெஞ்சில் ஜகர எழுத்து தனித்து நின்றால் ஒலி குழைந்துவிடும் என்பதால், அழுத்தமான ஜகரத்தைக் காட்ட அதன் முன்னே ஒரு 'டி' எழுத்தைச் சேர்ப்பது அம்மொழியின் வழக்கம். கினியும் மாலியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அந்த எழுத்துக்கூட்டலே உலகெங்கும் பரவியது. மாலியில் பேசப்படும் பம்பாரா மொழிக்கு இன்றுள்ள எழுத்துமுறையில் அந்த 'டி' இல்லை.

'எல்லாரும் அமைதியாக ஒன்றுகூடுங்கள்' என்று பொருள்படும் பம்பாராத் தொடரிலிருந்து இப்பெயர் பிறந்ததாக மாலியில் சொல்வார்கள். 'ஜே' என்பதற்குக் கூடுதல் என்ற பொருள் உண்டுதான். ஆயினும் இது பெயர் அமைந்தபின் அதற்குப் பொருத்திச் சொன்ன விளக்கமாகவே எனக்குத் தோன்றுகிறது. சுவாகிலி மொழியில் இதே ஒலியுள்ள சொல் மண்வெட்டியைக் குறிக்கும். அதற்கும் இதற்கும் உறவில்லை.

கினி நாட்டுக் கலைஞர் ஃபொதேபா கெய்ட்டா 1952இல் நிறுவிய ஆட்டக்குழு ஐரோப்பிய மேடைகளுக்குக் கொண்டுசென்ற பிறகே இக்கருவி வெளியுலகில் பெயர் பெற்றது.

தமிழில் எப்படிச் சொல்வது? வெற்றிக்கோப்பையின் வடிவம் அப்படியே இருப்பதால் 'கோப்பை முழவு' என்பது பொருந்தும். ஆனால் அரபு நாடுகளின் தர்புகாவும் அதே வடிவமே. ஆகவே கோப்பை முழவு என்பதைப் பொதுப்பெயராகவும் ஜெம்பே என்பதைச் சிறப்புப்பெயராகவும் வைத்துக்கொள்வதே முறை. உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை: அடிபடும் தோல்முகம் கண், மர உடல் கட்டை, இழுத்துக் கட்டுவது விசித்தல். கண்ணின் நடுவே அப்பும் கருஞ்சாந்தான மார்ச்சனை (பேச்சில் 'சோறு') மட்டும் இதில் கிடையாது. மிருதங்கம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் என் ஜெம்பேயைக் காட்டியபோது, அவர் அதன் கண்ணின் நடுவைத் தடவிவிட்டு, "இதுக்குச் சோறு கிடையாதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

வாங்கும்போது முதலில் கட்டையைக் கவிழ்த்து, குழல் வழியாக உள்ளே பார்க்க வேண்டும். கையால் குடைந்த கருவியில் உளித்தழும்புகள் தெரியும், வெடிப்பும் அங்கேதான் ஒளிந்திருக்கும். லெங்கே, ஜாலா போன்ற ஆப்பிரிக்க வன்மரங்களில் செய்தது கனமாக இருக்கும். இந்தோனேசியாவில் மகோகனியில் செய்து வருபவை இலேசானவை, பழகுவதற்குப் போதுமானவை. மேல்விளிம்பு கையை அறுக்காதபடி உருண்டிருப்பதும், இரும்பு வளையம் சுற்றிலும் ஒரே உயரத்தில் நிற்பதும், ஆட்டின் முதுகெலும்புக் கோடு கண்ணின் நடுவே ஓடுவதும் நல்ல அடையாளங்கள். மேற்பூச்சின் அழகில் மயங்க வேண்டாம். கடையிலேயே ஓரத்திலும் நடுவிலும் தட்டி, இரண்டு ஒலியும் தெளிவாகப் பிரிகின்றனவா என்று கேளுங்கள்.

ஆட்டுத்தோலுக்குப் பகை வெப்பமும் ஈரமும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் தோல் காய்ந்து இறுகி, யாரும் தொடாமலே கிழிந்துவிடும். மழைக்காலத்தில் தளர்ந்து ஒலி மங்கும். அப்படித் தளர்ந்தால் நெடுங்கயிறுகளை இரண்டிரண்டாகக் குறுக்கே பின்னி இழுத்து விசிக்கலாம். நெருப்பில் காட்ட வேண்டாம். கண்ணுக்குத் தடித்த துணியுறை போடுங்கள். வாசிக்கும் முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கட்டை வறண்டால் மேற்கு ஆப்பிரிக்கர் ஷியா வெண்ணெய் பூசுவார்கள். அது மரத்துக்கு மட்டும், அதுவும் விரல்நுனி அளவு.