புட்போலில ஹை லைன் விளையாட வேகமான பெக் தான் வேணுமா? பின்தொடை பிடிச்சு வாற பெடியங்களப் பாக்கிற ஒராள் எழுதுறன்

ஒரு மாசத்துக்கு முன்னால 17 வயசுப் பெடியன் ஒருத்தன் அப்பாவோட மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கினவன், வலது காலை மடக்க ஏலாது, படியேறக்குள்ள கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தான். சென்டர் பெக், கோலுக்கு முன்னால நடுவில நிண்டு தடுக்கிறவன். பின்தொடையில நடுவில ஒரு இடத்த அமத்தினா உயிர் போற வலி, அடிபட்டு மூண்டாம் நாள், நீலம் பாரிச்சு முழங்கால் மடிப்புக்குக் கிட்ட வரைக்கும் இறங்கியிருந்திச்சு. என்ன தம்பி நடந்தது எண்டு கேட்டா, "சேர் எங்கட டீம் இப்ப ஹை லைன் விளையாடுறம், பெக்மார் எல்லாரும் நடுக்கோட்டுக்குக் கிட்ட ஏறி நிக்கிறது, நான் ஸ்லோ எண்டு கோச் சொன்னவர், அதால ரெண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் ப்ராக்டிஸ் முடிஞ்ச பிறகு 20 ஸ்பிரிண்ட் அடிக்கிறன், சனிக்கிழமை மெச்சில ஒருத்தன விட்டுக் கலைக்கக்குள்ள டக் எண்டு ஒரு சத்தம் கேட்டிச்சு."

நான் திருகோணமலையில பிசியோதெரபிஸ்ட். கின்னியா, மூதூர், நிலாவெளி எண்டு எல்லாப் பக்கத்தாலயும் புட்போல் விளையாடுற பெடியங்கள் வருவாங்க, முந்தி கூட முழங்காலும் கணுக்காலும்தான், இப்ப கொஞ்சக் காலமா பின்தொடையோட வாற சென்டர் பெக்மார் கூடிப்போச்சு, கேட்டா முக்கால்வாசிப் பேர் இதே கதையத்தான் சொல்லுறாங்க. டீவியில பாத்து லைன ஏத்துறம், பின்னுக்கு இடம் திறந்து கிடக்கு, அப்ப வேகமான ஆள் வேணும், வேகம் இல்லாதவன ஓடவிட்டு வேகமாக்கு. இந்தக் கணக்குப் பிழை எண்டு சொல்லத்தான் இத எழுதுறன்.

முதல்ல ஹை லைன் எப்பிடி வேலை செய்யுது எண்டத விளங்கிக்கொள்ளுங்க. பின்னுக்கு நிக்கிற நாலு பேரும் நடுக்கோட்டுக்குக் கிட்ட ஏறி நிண்டா எதிர் டீமுக்கு விளையாட இருக்கிற இடம் சுருங்குது, பந்து பறிக்கிறது லேசாகுது. அவங்கட போர்வேர்ட் எங்கட லைனத் தாண்டி முன்கூட்டி ஓடினா ஓப்சைட், பந்து எங்களுக்கு. ஆனா ஓப்சைட் பாக்கிறது பந்து உதைபடுற அந்தக் கணத்தில மட்டும்தான், அதோட தன்ர பாதிக்குள்ள நிக்கிறவனுக்கு ஓப்சைட்டே இல்லை. ஆகவே எல்லாமே பந்த உதைக்கிறவன்ர காலில இருக்கு. அவனுக்குக் கிட்ட எங்கட ஆள் போய் நெருக்கிறானா, அவன் தலையக் குனிஞ்சு பந்தப் பாக்கிறானா, தன்ர கோல் பக்கம் திரும்பி நிக்கிறானா, அப்பிடியெண்டா லைன் ஏறலாம். அவன் தலைய நிமித்தி முன்னுக்குப் பாத்துக்கொண்டு ஆறுதலா நிக்கிறானெண்டா அந்த நேரமே நாலு பேரும் பின்னுக்கு இறங்க வேணும், பந்து மேல வந்த பிறகு இறங்கினா எவ்வளவு வேகமா ஓடியும் பிந்தினதுதான்.

சின்னக் கணக்கு ஒண்டு. செக்கனுக்கு 8 மீட்டர் ஓடுற பெடியன் 20 மீட்டருக்கு 2.5 செக்கன் எடுப்பான், 7 மீட்டர் ஓடுறவனுக்குக் கிட்டத்தட்ட 2.9 செக்கன் போகும். வித்தியாசம் அரைச் செக்கனும் இல்லை. உதைக்கிறவன்ர தோள் திரும்பிறதப் பாத்து அரைச் செக்கன் முந்திக் கிளம்பினா ஸ்லோவான பெடியன் முதல்ல போய்ச் சேருவான். செக்கனுக்கு 1 மீட்டர் வேகம் கூட்டுறது வருசக்கணக்கான வேலை, சிலருக்கு அது வாழ்க்கையில நடக்காது, ஆனா அரைச் செக்கன் முந்திக் கிளம்பப் பழக்கலாம்.

பெரிய இடத்து உதாரணம் சொல்லுறன். 2014 உலகக் கிண்ணத்தில ஜேர்மனி அல்ஜீரியாவோட விளையாடின மெச்ச ஞாபகம் இருக்கா, ஜேர்மனிக்கு நடுவில மெர்ட்டசாக்கர், அவர் வேகமான ஆள் எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க, ஆனாலும் லைன் மேலதான் நிண்டது, பின்னுக்கு வந்த பந்தையெல்லாம் கோல் கீப்பர் நோயர் திரும்பத் திரும்ப பெனல்ட்டி பொக்ஸுக்கு வெளியில ஓடி வந்து அடிச்சுவிட்டார், 90 நிமிசம் கோல் இல்லாமப் போய் எக்ஸ்ட்ரா டைமில 2-1 எண்டு வெண்டாங்க. அண்டைக்கு ஓட்டக்காரர் கோல் கீப்பர்தான். 2024 ஒக்டோபர் 26 ஆம் திகதி மட்ரிட்டில றியல் மட்ரிட்டுக்கு எதிரா பார்சிலோனா 4-0 எண்டு வெண்ட மெச்சில றியல் மட்ரிட் போர்வேர்ட் எம்பாப்பே மட்டும் 8 தரம் ஓப்சைட், பார்சிலோனாவுக்கு நடுவில நிண்டது 17 வயசு குபார்சியும் 33 வயசு இனிகோ மார்ட்டினேஸும். ஓட்டப் போட்டி வச்சா எம்பாப்பேய இவங்க ரெண்டு பேரும் பிடிக்கவே ஏலாது. ஒண்டா ஏறினாங்க, ஒண்டா நிண்டாங்க, முன்னுக்கு நிண்டவங்க பாஸ் அடிக்கிறவன மூச்சுவிட விடேல்ல.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். 2023 நவம்பர் 6 ஆம் திகதி டொட்டன்ஹாம் செல்சியோட விளையாடக்குள்ள ரெண்டு ரெட் கார்ட்டோட 9 பேராகியும் நடுக்கோட்டில லைன வச்சிருந்தாங்க, 75 ஆவது நிமிசம் வரைக்கும் 1-1, பிறகு செல்சி மூண்டு அடிச்சு 4-1. 9 பேரால பந்து அடிக்கிறவன நெருக்க ஏலாமப் போனதுதான் காரணம் எண்டுறது என்ர அபிப்பிராயம். அதே மெச்சில அவங்கட மிக்கி வான் டி வென், பிறகு 2024 ஜனவரியில மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகத்தில ஓடி பிரீமியர் லீக் ரெக்கோர்ட் வச்ச அதே ஆள், ஒரு போர்வேர்ட விட்டுக் கலைக்கக்குள்ள பின்தொடையப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர், ரெண்டு மாசமளவு விளையாடேல்ல. அவ்வளவு வேகமான ஆளுக்கே பின்தொடை கிழியுது எண்டா, ஒழுங்கான வோர்ம் அப் இல்லாம மணலில ஓடுற எங்கட பெடியனுக்கு என்ன நடக்கும்.

இது என்ர தொழில் எண்டபடியா கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். முழு வேகத்தில ஓடக்குள்ள கால் முன்னுக்கு வீசி நிலத்தில படுறதுக்குச் சற்று முதல் பின்தொடை மசில் நல்லா நீண்டு, அதே நேரம் காலுக்குப் பிரேக் பிடிக்கிற வேலையும் செய்யுது. கூடுதலாக் கிழியிறது அந்த இடத்திலதான். பிந்திக் கிளம்பினவன் என்ன செய்வான், உடம்ப முன்னுக்குச் சரிச்சு காலை வழமையவிட எட்டி வைப்பான், மசில் இன்னும் இழுபடும். கோல் விழுறதுக்கும் மசில் கிழியிறதுக்கும் காரணம் ஒண்டுதான், பிந்தின ஸ்டார்ட். களைச்சுப்போன காலோட ப்ராக்டிஸ் முடிய 20 ஸ்பிரிண்ட் அடிக்கிறது வேகத்தையும் கூட்டாது, ஸ்பிரிண்ட் எண்டது உடம்பு புதுசா இருக்கக்குள்ள, இடையில நல்லா ஆறி, கொஞ்ச எண்ணிக்கையில செய்யிற விசயம்.

அந்தப் பெடியன நடக்கப் பழகினதும் க்ளினிக் நடைபாதையில நிப்பாட்டி, மெச்சில எப்பிடி நிப்பாய் எண்டு காட்டச் சொன்னன். ரெண்டு பாதமும் சமனா, நெஞ்சு நேர முன்னுக்கு, குதி நிலத்தில. இப்ப பின்னுக்கு ஒரு பந்து வருது, திரும்பு தம்பி எண்டன், மெதுவாத்தான் திரும்பினான், ஓட்டத்துக்கு வர மூண்டு எட்டு. பிறகு ஒரு காலப் பின்னுக்கு வச்சு, இடுப்பப் பாதி திருப்பி, முழங்கால மடிச்சு, குதிய லேசாத் தூக்கி நிக்க வச்சன். ஒரே எட்டு. தகப்பன் கதிரையால எழும்பி வந்து பாத்தவர், "இத ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லயே சேர்" எண்டார். பாதி பேருக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறதில்லை.

வேகம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. நெருக்கிறது பிழைச்சுப்போற நேரம் வரும், அப்ப ஓடிப் பிடிக்க ஒரு ஆள் இருந்தா பெரிய உதவி, ரெண்டு சென்டர் பெக்கில ஒருத்தனாவது ஓட்டக்காரனா இருந்தா நல்லது. ஆனா ஸ்லோ எண்டு ஒரு பெடியன வெளியில இருத்த முதல் முன்னுக்கு நிக்கிற உங்கட ஆறு பேரும் பந்த நெருக்கிறாங்களா எண்டு பாருங்க கோச் சேர், கீப்பர் கோல் கோட்டிலயே ஒட்டிக்கொண்டு நிக்கிறானா எண்டு பாருங்க. அதோட எங்கட ஊர் நிலைமையும் இருக்கு, ஏகாம்பரம் கிரவுண்டில ஆனி ஆடியில கச்சான் காத்து வீசக்குள்ள தூக்கி அடிக்கிற பந்து எங்க விழும் எண்டு அடிச்சவனுக்கே தெரியாது, இங்க விஏஆர் எண்ட வீடியோ பாத்துத் தீர்ப்புச் சொல்லுற முறை இல்லை, லைன்ஸ்மன் பிந்தினா ஓப்சைட்டும் இல்லை. அப்பிடிப்பட்ட நாளில லைன 10 மீட்டர் இறக்கி விளையாடுறதில ஒரு வெக்கமும் இல்லை.

வோர்ம் அப்போட நோர்டிக் எக்சர்சைஸச் சேருங்க, முழங்காலில நிண்டு, கூட்டாளி கணுக்கால அமத்திப் பிடிக்க, உடம்ப நேரா வச்சு மெதுவா முன்னுக்குச் சாயிறது. காசு செலவில்லை. தொடர்ந்து செய்யிற டீமுகளில பின்தொடைக் காயம் கிட்டத்தட்டப் பாதியாக் குறையுது எண்டு ஆராய்ச்சிகள் காட்டுது. முதல் நாளே கூடச் செய்தா ரெண்டு நாளைக்கு இருக்க ஏலாம நோகும், அஞ்சில தொடங்குங்க.

டக் எண்டு சத்தம் கேட்டா அதோட விளையாட்ட நிப்பாட்டுங்க. வீட்டில அம்மம்மா எண்ணெய் போட்டு உருவ வருவா, அன்பாலதான், ஆனா முதல் சில நாள் உருவவும் வேண்டாம், சுடு ஒத்தடமும் வேண்டாம், துணி சுத்தின ஐஸ் வச்சு, இறுக்கமில்லாமப் பண்டேஜ் சுத்தி, காட்ட வாங்க. நோ போனதும் ஓடலாம் எண்டு நினைச்சுத்தான் கனபேர் அதே இடத்தத் திரும்பக் கிழிச்சுக்கொண்டு வாறாங்க.

பெடியன் இப்ப மெல்லோட்டத்தில இருக்கிறான். அடுத்த கிழமை முக்கால் வேகத்துக்கு விடுவன், முழு வேகம் அதுக்குப் பிறகுதான். அதுவரைக்கும் ப்ராக்டிஸுக்கு வந்து லைனுக்குப் பக்கத்தில நடந்துகொண்டு, எப்ப ஏறுறது எப்ப இறங்கிறது எண்டு சத்தம் போட்டுச் சொல்ல விடுங்க எண்டு கோச்சுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுத்துவிட்டன், ஓம் எண்டிட்டார்.