மைனஸ் இரண்டு என்றால் ஐம்பது சென்டிமீட்டர்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் இப்படி ஒரு கணக்கு வரும். கிட்டப்பார்வை உள்ள ஒருவரால் 50 செ.மீ. தூரம் வரைதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அவர் அணிய வேண்டிய லென்சின் திறன் என்ன? குவியத் தூரம் மைனஸ் அரை மீட்டர். தலைகீழாக்கினால் மைனஸ் 2 டயாப்டர். குழிலென்சு. விடை சரி, மதிப்பெண் முழுசு.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு வந்த பிள்ளைதான் என் முன்னால் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா பேசுவதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கும். "சார், மைனஸ் ரெண்டெல்லாம் வேண்டாம் சார். ஒண்ணு, ஒண்ணே கால் போட்டுக் குடுங்க. எடுத்த எடுப்புலயே ஜாஸ்தி போட்டா ஏறிக்கிட்டே போயிடும்." கண் பரிசோதகர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வசனம் இது. சொல்பவர்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு. பாடம் பரீட்சை ஹாலிலேயே தங்கிவிட்டது.

புத்தகத்தில் வரும் அந்த 50 செ.மீ. உங்கள் வீட்டிலேயே அளந்து பார்க்கக்கூடியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, செய்தித்தாளின் பொடி எழுத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்தின் விளிம்பு கலங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து தாள் வரை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 100ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ உங்கள் மைனஸ் எண் வந்துவிடும். 33 என்றால் மைனஸ் 3. 25 என்றால் மைனஸ் 4. கண்ணைச் சுருக்கிப் பார்க்கக் கூடாது. சுருக்கினால் இமைகளின் இடுக்கு வழியே குறுகலான ஒளிக்கற்றை மட்டும் நுழைந்து, ஊசித்துளைக் கேமராவில் போல எழுத்து தெளிந்துவிடும். போர்டைப் பார்க்கப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்குவதும் இதற்காகத்தான். கண் பரிசோதனைச் சீட்டில் சிலிண்டர் என்ற கட்டத்திலும் எண் இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். இதை வைத்துக்கொண்டு கண்ணாடி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சீட்டில் இருப்பது வெறும் ஓர் அளவு என்பது கைக்குப் பிடிபட வேண்டும், அவ்வளவுதான்.

எதன் அளவு? கிட்டப்பார்வை உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கண்ணின் நீளத்தைப் பொறுத்தது.

கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் சுமார் 60 டயாப்டர். லென்ஸ் என்றதும் உள்ளே இருக்கும் லென்சைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய 43 டயாப்டர், கண்ணின் முன்னால் இருக்கும் ஒளி ஊடுருவும் படலமான கார்னியாவுடையது. கிணற்றில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதே, காரணம் இதுதான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கார்னியாவுடையது 1.376. இரண்டும் நெருங்கிவிட்டதால் அங்கே ஒளி வளைவதே இல்லை என்று சொல்லலாம். ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங் இந்த உபாயத்தைத்தான் பயன்படுத்தினார். தன் கண்ணோடு தண்ணீரை ஒட்டவைத்துக் கார்னியாவின் வேலையை ரத்து செய்துவிட்டு, அப்போதும் கண்ணால் குவியத்தை மாற்ற முடிகிறது என்று பார்த்தார். ஆக, கிட்டே பார்க்கும்போது வடிவம் மாறுவது உள்லென்சுதான் என்று 1801இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். விழி ஏற்பமைவுத் திறன் என்று பாடத்தில் நாம் படிப்பது அதைத்தான்.

இப்போது நீளத்துக்கு வருவோம். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக 16, 17 மில்லிமீட்டர் இருக்கும். வளர்ந்தவருக்குச் சுமார் 24. இந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுத்து கார்னியாவும் லென்சும் தட்டையாகிக்கொண்டே வருவதால்தான் பிம்பம் சரியாக விழித்திரையில் விழுகிறது. நீளம் மட்டும் முந்திக்கொண்டு ஓடினால் பிம்பம் திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலுக்கு ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் மைனஸ்.

பிள்ளை வளரும் வயதில் கண்ணும் வளர்கிறது, அதனால் எண்ணும் கூடுகிறது. சட்டை போட்டதால்தான் பையன் வளர்ந்துவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடியை மட்டும் அப்படிச் சொல்கிறோம். கண்ணாடி போட ஆரம்பிக்கும் வயதும் கண் வேகமாக நீளும் வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த பழி இது.

எண்ணைக் குறைத்துப் போட்டால் கண் வளர்வது நின்றுவிடுமா? 2002இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில், வேண்டுமென்றே குறைத்துப் போடப்பட்ட பிள்ளைகளுக்கு எண் இன்னும் வேகமாகக் கூடியது. பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை; ஆனாலும் குறைத்துப் போடுவதால் பலன் உண்டு என்று நம்பிப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று கிடையாது. மூன்றாவது பெஞ்சிலிருந்து போர்டு தெரியாது என்பது மட்டும் நிச்சயம்.

கீரைக் கதையும் இங்கேதான் விழுகிறது. பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்பார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கார்னியா கெட்டுப் பார்வையே போகலாம்; கீரையும் கேரட்டும் அதற்குக் காவல். ஆனால் நீண்டுவிட்ட கண்ணை எந்தக் கீரையும் குறுக்காது. கண் பயிற்சியும் குறுக்காது. "மூணு மாசத்துல கண்ணாடியைக் கழற்றலாம்" என்று பணம் வாங்குகிறவர்களிடம், என்ன நீளம் குறையும் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

எண் குறைந்ததாகச் சொல்லும் சில கதைகள் உண்மையாகவும் இருக்கும். அதற்குக் காரணம் வேறு. கடைகளில் தாடையை வைத்துப் பார்க்கச் சொல்லும் ஆட்டோ ரெஃப்ராக்டோமீட்டர் இயந்திரத்தில் நீண்ட சாலையும் அதன் முடிவில் ஒரு பலூனும் தெரியும். தூரத்தில் இருப்பதுபோல் காட்டி, உள்லென்சின் வடிவத்தை மாற்றும் சிலியரித் தசையைத் தளர்த்துவதற்காக அந்தப் படம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சரிவரும். சின்னப் பிள்ளைக்கு முகத்துக்கு நேரே பெட்டி இருப்பது தெரியும். கிட்டே பார்ப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். அந்தத் தசை சுருங்கி, லென்ஸ் தடித்து, திறன் கூடி, இல்லாத மைனஸ் காகிதத்தில் அச்சாகி வரும். பத்து வயதுப் பிள்ளையின் ஏற்பமைவுத் திறன் 10 டயாப்டருக்கும் மேல். அவ்வளவு வடிவம் மாறும் லென்சைத் தடித்த நிலையிலேயே அளந்தால் எது உண்மையான எண்?

அதனால்தான் பிள்ளைகளுக்குச் சொட்டு விட்டுத் தசையைத் தளர்த்திய பிறகு அளக்கிறோம். சைக்ளோபென்டோலேட் விட்டால் ஒரு நாள் வரை கிட்டத்து எழுத்து தெரியாது, வெயில் கூசும். "நாளைக்கு டெஸ்ட் இருக்கு, சொட்டு வேண்டாம்" என்று கையைப் பிடிக்கிறார்கள். டெஸ்ட் முடிந்து வாருங்கள், சொட்டு இல்லாமல் மட்டும் முதல் கண்ணாடி போடாதீர்கள். இயந்திரச் சீட்டை அப்படியே லென்சாக மாற்றித் தருகிற கடையில் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் சொட்டு காட்டிக்கொடுக்கும். ஒரு கண் நன்றாகத் தெரிந்து, மற்றதில் மட்டும் பெரிய எண் இருக்கும் பிள்ளைகள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அதற்கு ஒரு குறையும் தெரியாது, அதனால் ஒருபோதும் சொல்லாது. கலங்கிய பிம்பத்தையே அனுப்பும் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்கிறோம். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் நன்றாக மீளும், போகப்போகக் கடினம். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் விளையாட்டுபோல ஒரு கண்ணை மூடிக் காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிடுகிறதா என்று கவனியுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. "ஏன்யா, இப்பவே சோடாபுட்டி மாட்டிவிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று பாட்டிகள் நேராகவே கேட்டுவிடுகிறார்கள். அம்மாக்கள் கேட்பதில்லை, கண்ணாடியைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். கண்ணொளி காப்போம் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கண்ணாடி போகிறது. போட்டுக்கொள்ள வைப்பதற்குத் திட்டம் எதுவும் இல்லை. சோடாபுட்டிக்குப் பதில் இயற்பியலில் இருக்கிறது. குழிலென்சு நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் லென்சின் ஒளிவிலகல் எண் 1.5. அதுவே 1.67 உள்ள பொருள் என்றால் குறைந்த வளைவிலேயே அதே திறன் கிடைப்பதால் ஓரம் மெலியும். விலை அதிகம்தான். காசு இல்லையென்றால் சின்ன ஃப்ரேம் எடுங்கள். தடித்த ஓரம் வெட்டுப்பட்டுப் போய்விடும். பெரிய சதுர ஃப்ரேம் ஃபேஷனும் மைனஸ் 6உம் ஒத்துப்போகாது.

சரி, நீள்வதைத் தடுக்கவே முடியாதா? வரும் முன் தள்ளிப்போட ஓரளவு முடியும், அதற்கு வழி வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5. முடிவு 2015இல் வெளியானது. தைவான் 2010 முதலே பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியே அனுப்பச் சொல்லிவருகிறது. டியூப்லைட் வகுப்பறையில் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) இருக்கும். வெளியே மர நிழலில்கூட சில ஆயிரம், நேர் வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இத்தனை மடங்கு வித்தியாசம் உறைப்பதில்லை. பலத்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது இப்போதுள்ள விளக்கம். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இதன் பலன் குறைவு; அவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டும், சில சிறப்பு லென்சுகளும் வேகத்தைக் குறைக்கின்றன. குறைக்கின்றன, நிறுத்துவதில்லை.

நம்மூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதுதான் பிரச்சினை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை டியூஷன். பிள்ளை சூரியனைப் பார்ப்பது பாடப் புத்தகப் படத்தில்தான்.

நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் 'ப்ளூ கட்' லென்ஸ் பற்றித் தினமும் கேட்கிறார்கள். மொபைல் திரையின் நீல ஒளி, வெளியே வானத்திலிருந்து வரும் நீல ஒளிக்கு முன் ஒன்றுமே இல்லை. பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு, கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வுக்கு அந்த லென்சால் குறிப்பிடும்படி பலன் இல்லை என்றுதான் சொன்னது. அந்தக் காசைச் சேர்த்து வைத்து, அடுத்த வருடம் எண் மாறும்போது புது லென்ஸ் போடுங்கள்.

கடைசியாக, பெரிய எண் உள்ளவர்களுக்கும் லேசிக் செய்துகொண்டவர்களுக்கும். லேசிக் என்ற லேசர் சிகிச்சை கார்னியாவைச் செதுக்கித் தட்டையாக்குகிறது, கண்ணின் நீளத்தைத் தொடுவதில்லை. மைனஸ் 8இல் இருந்தவர் கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் படிக்கலாம். அவர் கண் இன்னமும் 27 மில்லிமீட்டர் கண்தான். நீண்ட கண்ணுக்குள் விழித்திரை இழுபட்டு மெலிந்து கிடக்கும். ஓரத்தில் ஓட்டை விழலாம், பிய்ந்து வரலாம். வலிக்காது, விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்த வேலை மின் சமிக்ஞை அனுப்புவது மட்டும். ஒளி பட்டாலும் அனுப்பும், இழுபட்டாலும் அனுப்பும். மூளை இரண்டையும் வெளிச்சம் என்றே படிக்கும். எனவே இருட்டு அறையில் கண்ணோரம் மின்னல் வெட்டினால், திடீரென்று கரும்புள்ளிகள் கொத்தாக மிதந்தால், பார்வையில் ஒரு பக்கமிருந்து திரை இறங்குவதுபோல் இருந்தால், அது பவர் மாறியதால் அல்ல. கண்ணாடிக் கடையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கண்பாவையை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்க்கிற வசதியுள்ள கண் மருத்துவமனைக்கு அன்றைக்கே போக வேண்டும். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். சொட்டு விட்ட பிறகு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது.