புழுதியோடு பறக்கும் குளத்து உயிர்கள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், எல் பாசோ நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் வேக்கோ டாங்க்ஸ் என்ற பாறைக் குன்றுகள் வரும். வேக்கோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் குழி. பாறையெங்கும் குழிகள்தான், சில நம் சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இருக்காது. சுற்றிலும் சிவாவா பாலைவனம். ஆண்டு மழையே 220 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் ஒரு மழை பெய்து குழி நிரம்பினால் போதும், சில நாட்களில் தண்ணீருக்குள் உயிர்கள் நெளிய ஆரம்பித்துவிடும். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. எங்கிருந்து வந்தன?

பாதி பதில், அவை அங்கேயேதான் கிடந்தன. குளம் வற்றினால் கொக்கு பறந்துபோகும், தவளை சேற்றுக்குள் புதையும். ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிருக்கு இரண்டும் முடியாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பு. தலையில் மயிரிழைகள் சக்கரம் சுழல்வதுபோலத் தோன்றும்படி அசைந்து இரையை வாய்க்குள் தள்ளும். தண்ணீர் குறையும்போது டெலாய்டு வகை ரோட்டிஃபர் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, பீப்பாய் மாதிரிச் சுருங்கி, அப்படியே காய்ந்துபோகும். மூச்சு, செரிமானம் எல்லாம் நின்றுவிடும். பார்த்தால் மண் துகளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் தண்ணீர் பட்டதும் மறுபடி எழுந்துவிடும். இதை முதலில் பார்த்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹுக். 1702இல், வீட்டுக் கூரையில் மழைநீர் ஓடும் ஈயக் கால்வாயிலிருந்து காய்ந்த தூசியை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஊற்றினார். ஒரு மணி நேரத்துக்குள் ரோட்டிஃபர்கள் உள்ளே நீந்திக்கொண்டிருந்தன. தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினார் பாருங்கள், அங்கேதான் அவர் கெட்டிக்காரத்தனம்: 'தண்ணீரோடு வந்திருக்கும்' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எல்லா உயிரும் உடம்போடு காய்வதில்லை. வேறு வகை ரோட்டிஃபர்களும், இத்தகைய குளங்களில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்களான தேவதை இறால்களும் கெட்டி ஓடுள்ள உறங்கும் முட்டைகளை விட்டுவிட்டுத் தாங்கள் செத்துப்போகும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்கு இரையாக டின்னில் வாங்கி உப்புநீரில் பொரிக்கவைக்கும் ஆர்ட்டீமியா முட்டையும் இதே ரகம்தான். அதனுள் ட்ரீஹலோஸ் என்ற சர்க்கரை நிறைய உண்டு. தண்ணீர் போன இடத்தில் அது கண்ணாடிபோல இறுகி, புரதங்கள் நொறுங்காமல் தாங்கிப்பிடிக்கிறது. டெலாய்டுகளிடம் அந்தச் சர்க்கரையைத் தேடிப்பார்த்தார்கள், அகப்படவில்லை. காய்கிற காலத்தில் அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைகிறது. நனைந்ததும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்துகொள்கின்றன. உடையாமல் காப்பதைவிட உடைந்ததை ஒட்டுவதில் தேர்ந்த உயிர் இது.

மீதிப் பதில் காற்று. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மிக நுண்ணிய தூசியைக் காற்று நேரடியாகக் கிளப்புவது கடினம்; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரையில் ஆடைபோலப் படிந்திருக்கும். சுலபமாகக் கிளம்புவது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் மணல். அது துள்ளித் துள்ளி விழுந்து வறண்ட ஏரித்தரையை உடைக்கும்போதுதான் புழுதி எழும்புகிறது. ரோட்டிஃபரின் உறங்கும் முட்டையும் கிட்டத்தட்ட அதே பருமன். ஆனால் உயிர்ப்பொருள் என்பதால் மணலைவிட நன்றாக இலேசு. மணல் தரையோடு துள்ளும் காற்றில் முட்டை மேலே போய்விடும்.

எல் பாசோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகக் குழுவினர் புழுதிப்புயலின் தூசியைப் பிடித்து நீரில் நனைத்துப் பார்த்தார்கள். ரோட்டிஃபர், உருளைப்புழு, குறுயிழை உயிரிகள் எழுந்து வந்தன. காலக்கணக்கும் பொருந்திவருகிறது. அந்தப் பாலையில் புழுதி கிளம்புவது பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. மழை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. காற்று முதலில் விதைத்துவிட்டுப் போகிறது, தண்ணீர் பிறகு வருகிறது.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. தேவதை இறாலுக்குப் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் ஒரே குழியில் விழுந்தாக வேண்டும். டெலாய்டு இனத்தில் ஆணே கிடையாது. ஒற்றைப் பெண் விழுந்தாலும் குடும்பம் பெருகிவிடும். மற்ற ரோட்டிஃபர்களின் உறங்கும் முட்டையிலிருந்தும் பெண்தான் வெளிவரும், துணையில்லாமலே தன் நகல்களைப் பெற்றுத்தள்ளும். அதற்காக எந்தக் குழியிலும் இடம் கிடைத்துவிடும் என்றில்லை. முந்தி வந்தவர்கள் பெருகி அடைத்துக்கொண்டிருந்தால் பிந்தி வந்த ஒற்றை முட்டைக்கு என்ன நடக்கும் என்பது பஸ்ஸில் ஜன்னலோரம் தேடியவர்களுக்குத் தெரியும். எல்லா ஊரிலும் இப்படிப் பறக்கின்றன என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் இல்லினாயில் காற்றிலும் மழையிலும் பொறிவைத்துப் பார்த்தவர்களுக்குச் சில ரோட்டிஃபர்களைத் தவிரப் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை என்று 1998இல் எழுதினார்கள். ஈரமான, புல் மூடிய நிலத்தில் புழுதி எங்கே கிளம்பும்? தென்னாப்பிரிக்கப் பாறைக் குழிகளின் பக்கத்தில் காற்றுப்பைகளைக் கட்டித் தொங்கவிட்டவர்களுக்கோ ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள் கிடைத்தன.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2010இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. டெலாய்டுகளை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் பூஞ்சை ஒன்று உண்டு. ஈரத்திலேயே விட்டால் சில வாரங்களில் மொத்தக் கூட்டமும் காலி. நோய்பிடித்த கூட்டத்தை உலர்த்தி வைத்தார்கள். எவ்வளவு நாள் காய்ந்ததோ அவ்வளவுக்குப் பூஞ்சையற்ற கூட்டங்கள் மீண்டெழுந்தன. ரோட்டிஃபர் தாங்கும் வறட்சியைப் பூஞ்சை தாங்கவில்லை. பிறகு ஏழு நாட்கள் காற்றறையில் பறக்கவிட்டார்கள். புதிய தட்டுகளில் போய் விழுந்து எழுந்த ரோட்டிஃபர் கூட்டங்களில் பல, பூஞ்சையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தன.